வலியை மரக்கச் செய்யும் தீக்காயம்: தொழிற்கூடங்களில் பீனால்

மணிக்கட்டில் ஒரு துளி பீனால் தெறித்தால் முதலில் சுருக்கென்று ஓர் எரிச்சல் வரலாம், வராமலும் போகலாம். வந்தாலும் சிறிது நேரத்தில் அடங்கிவிடும். துளி பட்ட இடம் வெளுத்து, நெடுநேரம் தண்ணீரில் ஊறிய விரல் நுனியைப் போலச் சுருங்கிக் கிடக்கும். கிள்ளிப் பார்த்தால் உணர்ச்சி இருக்காது. வலிதான் நின்றுவிட்டதே என்று துணியால் துடைத்துவிட்டு வேலையைத் தொடரத்தான் யாருக்கும் தோன்றும். ஆனால் வலி நின்றதற்குக் காரணம், தோலில் இருந்த நரம்பு முனைகள் மரத்துப்போனதுதான். பீனால் எங்கும் போய்விடவில்லை. தோலைத் தாண்டி இரத்தத்துக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது.

பீனாலைப் பற்றி ஒரே ஒரு செய்தியைத்தான் சொல்ல அனுமதி உண்டு என்றால் இதைத்தான் சொல்வேன். சூடான இரும்பில் கை பட்டால் நாம் யோசிப்பதற்குள் கை பின்வாங்கிவிடுகிறது. கந்தக அமிலம் பட்டவர் அடுத்த நொடியே தண்ணீர்க் குழாயைத் தேடி ஓடுகிறார். உடம்பு தானே எச்சரிக்கும் என்ற நம்பிக்கையில்தான் பட்டறையிலும் ஆய்வகத்திலும் மனிதர்கள் வேலை செய்கிறார்கள். பீனால் அந்த எச்சரிக்கை மணியின் கம்பியை முதலில் அறுத்துவிட்டு அதன் பிறகு உள்ளே நுழைகிறது. அதனால் மற்ற வேதிப்பொருள்களிடம் பழகிப் பெற்ற அனுபவம் இதனிடம் உதவாது. சில நேரங்களில் அந்த அனுபவமே ஆளைக் கவிழ்த்துவிடும்.

பெயரும் பொருளும்

ஆறு கார்பன் அணுக்களாலான பென்சீன் வளையத்தில் ஒரு ஹைட்ரஜனை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதியை, அதாவது ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த இணையை, வைத்தால் கிடைப்பது பீனால். கார்பாலிக் அமிலம் என்பது இதன் பழைய பெயர். தூய நிலையில் நிறமற்ற ஊசி வடிவப் படிகங்களாக இருக்கும். காற்றும் வெளிச்சமும் படப்பட இளஞ்சிவப்பாக மாறி, நாள்பட்டால் பழுப்பேறும். தார் கலந்த ஒருவித இனிப்பு மணம். உருகுநிலை சுமார் 41 டிகிரி செல்சியஸ். கொதிநிலை சுமார் 182 டிகிரி. உருகுநிலை மனித உடம்பின் வெப்பத்தைவிடச் சில டிகிரிதான் அதிகம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆலைகளில் நடக்கும் பல விபத்துகளின் வேர் அந்த எண்ணில்தான் இருக்கிறது.

அறை வெப்பநிலையில் 100 மில்லிலிட்டர் தண்ணீரில் சுமார் 8 கிராம் பீனால் கரையும். கொழுப்பிலும் நன்றாகவே கரையும். தோலின் மேல் அடுக்கு பெரும்பாலும் கொழுப்பாலான வேலி. அதற்கு அடியில் இருப்பதெல்லாம் நீர் நிறைந்த திசு. நீரில் மட்டும் கரைகிற பொருள் வேலியிலேயே நின்றுவிடும். கொழுப்பில் மட்டும் கரைகிற பொருள் வேலிக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். இரண்டிலும் கரைகிற பீனாலுக்கு இந்தத் தடைகளில் எதுவும் இல்லை. போதாக்குறைக்கு, போகிற வழியில் புரதங்களை உறையவைத்து வேலியையே சிதைத்துவிட்டுப் போகிறது.

ஒலி ஒற்றுமையால் வரும் ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடுவது நல்லது. தரை துடைக்கும் பினாயிலும் பீனாலும் ஒன்றல்ல. கறுப்பு வகைப் பினாயிலில் நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் கிரெசால் போன்ற பீனால் குடும்பப் பொருள்கள் இருக்கும். வெள்ளை வகை பெரும்பாலும் பைன் எண்ணெயைக் கொண்டு செய்யப்படுவது. இரண்டையும் தண்ணீரில் கலந்து நீர்த்த நிலையில்தான் புழங்குகிறோம். பினாயில் எத்தனையோ முறை கையில் பட்டும் ஒன்றும் ஆனதில்லையே என்ற தைரியத்தோடு பீனால் பீப்பாயின் மூடியைத் திறப்பவர் தெரியாமலே பெரிய ஆபத்தின் அருகில் நிற்கிறார்.

அறுவை அறையிலிருந்து ஆலைக்கு

நிலக்கரித் தாரிலிருந்து இதை 1834இல் பிரித்தெடுத்தவர் ஜெர்மானிய வேதியியலாளர் ஃப்ரீட்லிப் ஃபெர்டினாண்ட் ரூங்கே. உலகம் இதை அறிந்துகொண்டது அறுவை சிகிச்சை வழியாகத்தான். கிளாஸ்கோ நகரில் அறுவை மருத்துவர் ஜோசப் லிஸ்டர் 1865ஆம் ஆண்டு ஆகஸ்டில், வண்டிச் சக்கரம் ஏறிக் கால் எலும்பு முறிந்து சதையைக் கிழித்துக்கொண்டிருந்த 11 வயதுச் சிறுவனின் காயத்துக்குக் கார்பாலிக் அமிலம் தோய்த்த கட்டுப் போட்டார். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட முறிவு என்றால் காலை வெட்டி எடுப்பதே வழக்கம். சிறுவனின் காயம் சீழ்பிடிக்காமல் ஆறியது. 1867இல் லிஸ்டர் தம் முடிவுகளை வெளியிட்டார். கார்பாலிக் அமிலம் மருத்துவமனைகள் எங்கும் பரவியது. அறுவை அறைக் காற்றிலேயே அதைத் தூவும் கருவியும் வந்தது.

இந்தக் கதையின் மறுபாதி அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை. பீனாலால் பணியிடத்தில் பாதிக்கப்பட்ட முதல் பெருங்கூட்டம் அறுவை மருத்துவர்களும் செவிலியர்களும்தான். நாள்தோறும் அந்தக் கரைசலில் கையை நனைத்து, அந்தப் புகைமூட்டத்தையே சுவாசித்தவர்கள் அவர்கள். கைகள் வெடித்தன, விரல்கள் மரத்தன. பசியின்மை, எடை குறைதல், தலைவலி, தசைவலி, கருநிறச் சிறுநீர் என்று ஒரு நோய்க்கூட்டமே உருவாகி, மருத்துவ நூல்களில் கார்பால் மெலிவு என்ற பெயரோடு இடம்பிடித்தது. தூவும் முறையை 1890இல் லிஸ்டரே வெளிப்படையாக நிராகரித்தார்.

நோயாளிகளிடமும் ஒரு கொடுமை நடந்தது. விரலில் சின்னக் காயம் என்றால் நீர்த்த கார்பாலிக் கரைசலில் துணியை நனைத்து இறுக்கிக் கட்டிவிடுவார்கள். கரைசலின் செறிவு பல நேரங்களில் 5 சதவீதத்தைக்கூடத் தாண்டாது. நோயாளிக்கு வலி அடங்கிவிடும். சிகிச்சை பலிக்கிறது என்று அவர் நிம்மதியாகத் தூங்குவார். கட்டைப் பிரிக்கும்போது விரல் கறுத்துச் செத்திருக்கும். கார்பாலிக் அழுகல் என்றே இதற்குப் பெயர் வைத்தார்கள். நீர்த்த கரைசல்தானே என்ற அலட்சியமும், வலிக்கவில்லையே என்ற ஆறுதலும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு நூறாண்டுக்கு முன்பே இத்தனை விரல்கள் சாட்சியாகிவிட்டன. இன்றைக்கு ஆலைகளில் நடக்கும் விபத்து அறிக்கைகளிலும் அதே இரண்டு காரணங்களைத்தான் மறுபடியும் படிக்க நேர்கிறது.

முதல் உலகப்போர் தொடங்கியபோது பீனால் போர்ப்பொருளாகிவிட்டது. பீனாலிலிருந்துதான் பிக்ரிக் அமிலம் என்னும் வெடிபொருள் தயாரானது. பிரிட்டனிலிருந்து வரத்து நின்றுபோக, இசைத்தட்டுகளுக்குப் பீனால் பிசினை நம்பியிருந்த தாமஸ் எடிசன் அமெரிக்காவில் தாமே பீனால் ஆலை அமைத்து உற்பத்தியில் இறங்க வேண்டியதாயிற்று.

எங்கெல்லாம் இருக்கிறது

இன்று உலகில் ஆண்டுக்கு 1 கோடி டன்னுக்கும் மேல் பீனால் உற்பத்தியாகிறது. மிகப் பெரும்பகுதி கியூமின் முறையில். பென்சீனையும் புரொப்பிலீனையும் சேர்த்துக் கியூமின். அதைக் காற்றால் ஆக்சிஜனேற்றம் செய்து கியூமின் ஹைட்ரோபெராக்சைடு. அதை அமிலத்தால் பிளந்தால் ஒரு பக்கம் பீனால், மறுபக்கம் அசிட்டோன். ஒரு டன் பீனால் எடுத்தால் கூடவே சுமார் 0.6 டன் அசிட்டோன் கிடைக்கும். இந்த வினையை 1944இல் வெளியிட்டவர்கள் ஹாக், லாங் என்ற இரண்டு ஜெர்மானியர்கள். 1950களில் தொழில்முறை உற்பத்தி தொடங்கியது. நடுவில் வரும் ஹைட்ரோபெராக்சைடு வெடிக்கக்கூடியது என்பதால் உற்பத்தி ஆலைகள் பொதுவாக மிகுந்த கட்டுப்பாட்டோடும் மூடிய அமைப்பாகவும் நடத்தப்படுகின்றன. பீனாலோடு ஆள் நேருக்கு நேர் நிற்கும் சந்தர்ப்பங்கள் அதற்குப் பிந்தைய கட்டங்களில்தான் அதிகம்.

அந்தப் பிந்தைய கட்டங்கள் எண்ணற்றவை. பீனாலில் கிட்டத்தட்டப் பாதி, பிஸ்பீனால் ஏ என்ற பொருளாக மாறுகிறது. அதிலிருந்து பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கும் எபாக்சிப் பிசினும். அடுத்த பெரிய பங்கு பீனால் ஃபார்மால்டிஹைடு பிசின்களுக்கு. லியோ பேக்லண்ட் 1907இல் உருவாக்கிய பேக்லைட் இந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளை. பழைய தொலைபேசியின் கறுப்பு உடல், மின்சார சுவிட்சு, பாத்திரக் கைப்பிடி என்று நமக்குத் தெரிந்த முகங்கள் சில. தெரியாத முகங்கள்தான் அதிகம்: ஒட்டுப்பலகையின் அடுக்குகளைப் பிணைக்கும் பசை, வாகன பிரேக்கின் உராய்வுத் தகடு, சாணைச் சக்கரத்தின் மணிகளைக் கட்டிவைக்கும் பிணைப்பு, வார்ப்படச் சாலையில் மணல் அச்சைக் கெட்டிப்படுத்தும் பிசின், வெப்பம் காக்கும் கண்ணாடிக் கம்பளி, மின்சுற்றுப் பலகை. நைலான் 6 இழைக்கான கேப்ரோலாக்டமும் பீனாலிலிருந்து செய்யப்படுகிறது. ஆஸ்பிரினுக்கு மூலமான சாலிசிலிக் அமிலமும் அதன் வழித்தோன்றல்தான்.

மருத்துவத்திலும் பீனால் முற்றிலும் விடைபெற்றுவிடவில்லை. சதைக்குள் வளரும் நகத்தை மறுபடி வளரவிடாமல் செய்ய நகத்தின் வேரில் செறிந்த பீனாலைத் தடவுகிறார்கள். விறைத்துப்போன தசையைத் தளர்த்த அதன் நரம்பருகே 5 அல்லது 6 சதவீதக் கரைசலை ஊசியால் செலுத்துகிறார்கள். நரம்பு செயலிழக்கிறது, தசை தளர்கிறது. முகத்தோலை உரித்துப் புதுப்பிக்கும் பீனால் சிகிச்சையின்போது இதயத் துடிப்பு தடம் மாறக்கூடும் என்பதால் இதயத் துடிப்பைக் கருவியால் கண்காணித்துக்கொண்டே, சிறிது சிறிதாக இடைவெளி விட்டுத்தான் தடவுகிறார்கள். முகம் என்பது உடம்பின் மொத்தப் பரப்பில் எத்தனை சிறிய பகுதி! அந்தச் சிறு பரப்புக்கே, மருத்துவர் அருகில் இருக்கும்போதே, இத்தனை எச்சரிக்கை. தொடையிலும் வயிற்றிலும் பீனால் சிந்திய தொழிலாளியின் நிலையை இதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

அடைத்துக்கொண்ட குழாய்

உருகுநிலை 41 டிகிரி என்பது ஏன் முக்கியம் என்பதை இப்போது சொல்கிறேன். பீனாலை டேங்கரிலும் குழாயிலும் ஓட்டத்தில் வைத்திருக்க வேண்டுமானால் 50, 60 டிகிரி சூட்டில் வைத்திருக்க வேண்டும். குழாயைச் சுற்றி நீராவிக் குழாயோ மின்சூடேற்றியோ ஓடும். எங்கேனும் ஓர் இடத்தில் சூடு குறைந்தால், அதாவது ஒரு வால்வின் உடலில், வெப்பக் காப்புறை கிழிந்த ஒரு குழாய் வளைவில், பீனால் உறைந்து குழாயை அடைத்துவிடும். பம்ப் உறுமும், மறுமுனையில் ஒன்றும் வராது.

அடுத்து நடப்பது பழகிப்போன காட்சி. பராமரிப்புப் பிரிவிலிருந்து ஒருவர் நீராவிக் குழலோடு வருவார். இரவு ஷிப்ட், டேங்கர் ஓட்டுநர் காத்திருக்கிறார், உற்பத்தி நின்றிருக்கிறது. இணைப்புத் தட்டின் போல்ட்டுகளைத் தளர்த்திவிட்டு, அடைத்த இடத்தில் நீராவியைக் காட்டுவார். உள்ளே என்ன நடக்கிறது என்பது வெளியிலிருந்து தெரியாது. நடுவில் உருகிய பீனால் விரிவடைகிறது, இரு பக்கமும் உறைந்த அடைப்பு இருப்பதால் போக இடமில்லை, அழுத்தம் ஏறுகிறது. இல்லையென்றால் மெல்லிய படலம் போல மிஞ்சியிருக்கும் அடைப்புக்குப் பின்னால் பம்ப்பின் முழு அழுத்தமும் காத்திருக்கிறது. அடைப்பு விடுபடும் அந்த நொடியில், தளர்த்திய இணைப்பின் இடைவெளி வழியாகச் சூடான பீனால் விசிறியைப் போலப் பீய்ச்சும். இடுப்புக்குக் கீழே, தொடையில், காலணிக்குள்.

அதனால்தான் அனுபவமுள்ள ஆலைகளில், திறந்த முனையிலிருந்து தொடங்கி அடைப்பை நோக்கிச் சூடேற்று, நடுவில் ஒருபோதும் கை வைக்காதே என்று கற்றுக்கொடுக்கிறார்கள். அடைப்பு நீக்கும் வேலைக்கு எழுத்து மூலம் அனுமதிச் சீட்டு, முழு உடல் கவச உடை, முகம் முழுவதும் மறைக்கும் கேடயம், கூடவே ஒரு துணை ஆள், பத்து நொடிக்குள் எட்டக்கூடிய அவசரக் குளியல் குழாய் என்று எல்லாம் வேண்டும். அதைவிட நல்லது அடைப்பே வராமல் பார்ப்பது. கிழிந்த காப்புறையை அன்றைக்கே சரிசெய்வது பராமரிப்புச் செலவுக் கணக்கில் சிறிய தொகையாகத் தெரியும். எனக்கு அதுதான் பீனால் பாதுகாப்பின் முதல் வேலையாகத் தெரிகிறது.

மாதிரி எடுப்பது, பீப்பாயிலிருந்து ஊற்றுவது, வடிகட்டியைத் திறந்து சுத்தம் செய்வது, டேங்கரின் இணைப்புக் குழாயைக் கழற்றும்போது மிஞ்சிய துளிகள் சொட்டுவது என்று சிறிய வாய்ப்புகளும் ஏராளம். உயிரியல் ஆய்வகங்களில் டிஎன்ஏவைப் பிரித்தெடுக்கப் பீனாலும் குளோரோபார்மும் கலந்த கரைசலைப் பயன்படுத்தும் மாணவர்களையும் இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும். அவர்களில் பலர் அணிந்திருக்கும் மெல்லிய கையுறை செறிந்த பீனாலைச் சில நிமிடங்கள்கூடத் தாங்காது.

உள்ளே போன பிறகு

உடலுக்குள் சிறிதளவு பீனால் எப்போதும் உண்டு. குடலில் உள்ள பாக்டீரியாக்கள் உணவின் புரதத்தைச் சிதைக்கும்போது அது உருவாகிறது. ஈரல் அதைச் சல்பேட்டோடும் குளுகுரோனிக் அமிலத்தோடும் இணைத்துக் கேடற்றதாக்கிச் சிறுநீரில் அனுப்பிவிடுகிறது. (பூனைகளுக்கு இந்த இணைக்கும் திறன் மிகக் குறைவு, அதனால்தான் பீனால் வகைக் கிருமிநாசினிகள் பூனைகளுக்கு நஞ்சாகின்றன.) தோல் வழியாக ஒரே மூச்சில் பெருமளவு வந்து இறங்கும்போது ஈரலின் இந்த ஏற்பாடு நிரம்பி வழிந்துவிடுகிறது.

முதலில் பாதிக்கப்படுவது மூளையும் இதயமும். தலைச்சுற்றல், வியர்வை, குமட்டல், நடுக்கம். பிறகு வலிப்பு, மயக்கம். இரத்த அழுத்தம் விழும், இதயத் துடிப்பு தாறுமாறாகும், மூச்சு நிற்கலாம். தப்பிப் பிழைப்பவர்களுக்குச் சிறுநீர் பச்சை கலந்த பழுப்பாகவோ கறுப்பாகவோ போகும். அடுத்த நாட்களில் சிறுநீரகமும் ஈரலும் பழுதடையலாம். இரத்தச் சிவப்பணுக்கள் சிதையலாம். உடலின் கால் பங்குப் பரப்பில் பீனால் பட்டவர் பத்து நிமிடங்களுக்குள் இறந்த நிகழ்வு மருத்துவ இலக்கியத்தில் பதிவாகியிருக்கிறது. இதற்கென்று நஞ்சை முறிக்கும் மருந்து எதுவும் கிடையாது. மருத்துவமனையில் செய்ய முடிவதெல்லாம் மூச்சையும் இதயத்தையும் தாங்கிப் பிடித்து, உடம்பு தானாகப் பீனாலை வெளியேற்றும் வரை காத்திருப்பதுதான். உயிரைத் தீர்மானிக்கும் நிமிடங்கள் ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்பே, ஆலைத் தரையிலேயே கடந்துவிடுகின்றன.

பீனாலின் நெருங்கிய உறவான 2,4-டைகுளோரோபீனால் இன்னும் மோசம். இதன் உருகுநிலையும் 45 டிகிரி அளவில்தான். இதையும் உருக்கிய நிலையில்தான் கையாள்கிறார்கள். உருகிய பொருள் தெறித்து அமெரிக்காவில் 1980களிலும் 1990களிலும் தொழிலாளர்கள் இறந்ததைத் தொடர்ந்து அங்குள்ள அரசு அமைப்புகள் தனி எச்சரிக்கையே வெளியிட்டன. உடலில் பத்தில் ஒரு பங்கு பரப்புகூட நனையாதவரும் இறந்தவர்களில் இருந்தார்.

காற்றின் அளவை நம்பலாமா

பெரும்பாலான ஆலைகளில் பீனால் பாதுகாப்பு என்றால் காற்றில் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பதுதான். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதியின்படி 8 மணி நேர வேலைக்குச் சராசரியாக 5 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 5 பங்கு. ஒரு கன மீட்டர் காற்றில் 19 மில்லிகிராம். ஐரோப்பிய ஒன்றியத்தின் வழிகாட்டு அளவு இதைவிடக் கடுமையானது: 8 மணி நேரத்துக்கு 2 பிபிஎம், குறுகிய நேரத்துக்கு 4 பிபிஎம். 250 பிபிஎம் என்பது உயிருக்கு உடனடி ஆபத்து என்று வகுக்கப்பட்ட அளவு. மனித மூக்கு சுமார் 0.04 பிபிஎம் அளவிலேயே பீனாலை முகர்ந்துவிடும். அமெரிக்க வரம்பில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு அது. எனவே மூக்கு நல்ல காவலாளிதான். மூச்சு வழி ஆபத்துக்கு மட்டும்.

விதிப் பட்டியலில் பீனாலுக்கு எதிரே, தோல் என்று ஒரு தனிக் குறிப்பு இருக்கும். பலர் அதைப் படித்துவிட்டுக் கடந்துபோகிறார்கள். காற்றின் அளவு வரம்புக்குள் இருந்தாலும் தோல் வழியாக ஆபத்தான அளவு உள்ளே போகலாம் என்பது அதன் பொருள். திரவம் மட்டுமல்லாமல் ஆவிகூடத் தோல் வழியே போகும். 1971இல் வெளியான ஓர் ஆய்வில், முகமூடி வழியாகத் தூய காற்றை மட்டும் சுவாசித்தபடி பீனால் ஆவி நிரம்பிய அறையில் இருந்த தன்னார்வலர்களின் உடலிலும் பீனால் சேர்ந்தது. அவர்கள் அணிந்திருந்த சாதாரண ஆடை அதைப் பெரிதாகத் தடுக்கவில்லை. சுவாசக் கவசம் மாட்டிவிட்டால் போதும் என்று நினைப்பவர்களுக்கு இந்த ஒரு முடிவே போதுமான பதில்.

உள்ளே போனதை அளக்க ஒரு வழி உண்டு. ஷிப்ட் முடிந்ததும் சிறுநீரைச் சோதித்தால், ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு (சிறுநீரில் இயல்பாகவே வெளியேறும் ஒரு கழிவுப்பொருள்) 250 மில்லிகிராம் பீனால் என்ற அளவைத் தாண்டுகிறதா என்று பார்க்கலாம். இந்தச் சோதனை தோல், மூச்சு எல்லா வழிகளையும் சேர்த்துக் கணக்கெடுக்கிறது. ஒரே சிக்கல், பென்சீனைச் சுவாசித்தவரின் சிறுநீரிலும் பீனால் கூடும். உடம்பு பென்சீனைப் பீனாலாக மாற்றித்தான் வெளியேற்றுகிறது. ஆகவே இரண்டும் புழங்கும் ஆலையில் எண்ணைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

புற்றுநோயைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை பீனாலை மூன்றாம் பிரிவில் வைத்திருக்கிறது; மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குமா என்று வகைப்படுத்தப் போதிய ஆதாரம் இல்லை என்பது அதன் பொருள். ஆனால் பிசின் ஆலையில் பீனாலுக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஃபார்மால்டிஹைடு முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருள்களில், இருக்கிறது. பிசின் சமைக்கும் கொப்பரையருகே நிற்பவருக்குப் பீனாலை மட்டும் தனியாகப் பிரித்துப் பேசுவதில் பயனில்லை.

நிறத்தைத் திருடும் உறவு

பீனால் குடும்பத்தில் இன்னொன்றைக் குறிப்பிடாமல் போக மனம் வரவில்லை. பாரா டெர்ஷியரி பியூட்டைல் பீனால் என்று நீளமான பெயர். இதிலிருந்து செய்யும் பிசின், காலணி ஒட்டும் பசைகளில் சேர்கிறது. அந்தப் பசையால் தோலழற்சி வருவோர் ஏராளம் என்பதால் ஒவ்வாமைச் சோதனைப் பட்டியலிலேயே இந்தப் பிசினுக்கு நிலையான இடம் உண்டு. அதைவிட வேதனையானது, இதோடு வேலை செய்பவர்களுக்குத் தோலில் வெண்புள்ளிகள் தோன்றுவது. தோலுக்கு நிறம் தரும் செல்களில் டைரோசின் என்ற அமினோ அமிலத்தை நிறமியாக மாற்றும் நொதி இருக்கிறது. இந்த வேதிப்பொருளின் உருவம் டைரோசினைப் போலவே இருப்பதால் நொதி ஏமாந்து அதைக் கையில் எடுக்கிறது, விளைவது நஞ்சு, செல் செத்துவிடுகிறது. அரிப்பு இல்லை, வலி இல்லை. மாதங்கள் கழித்துக் கையில் ஒரு வெளுப்பு. பல நேரங்களில் பொருள் படாத இடங்களிலும்.

1939இல் அமெரிக்காவில் ஒரு தோல் பதனிடும் ஆலையில் தொழிலாளர்கள் பலரின் கைகள் வெளுத்தன. காரணத்தைத் தேடிப்போனவர்கள் கடைசியில் வந்து நின்றது அவர்கள் அணிந்திருந்த ரப்பர் கையுறையில். ரப்பர் கெடாமலிருக்கச் சேர்த்த, பீனால் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பொருள்தான் நிறத்தை அழித்திருந்தது. பாதுகாப்புக்குக் கொடுத்த கையுறையே!

பட்டுவிட்டால்

முதலில் ஆடை. நனைந்த சட்டை, கால்சட்டை, உள்ளாடை, காலுறை எல்லாவற்றையும் அந்த இடத்திலேயே கழற்ற வேண்டும். கூச்சத்தால் வீணாகும் ஒவ்வொரு நொடியும் ஆபத்து. இதைப் பயிற்சியின்போதே வெளிப்படையாகப் பேசிப் பழக்க வேண்டும். உதவ வருபவரும் கையுறை அணிந்திருக்க வேண்டும். இல்லையேல் பாதிக்கப்பட்டவர் இருவராகிவிடுவார்கள்.

பிறகு பாலிஎதிலீன் கிளைக்கால் என்ற திரவம். 300 அல்லது 400 எண் வகை. பீனாலை இது தண்ணீரைவிட நன்றாகக் கரைத்து எடுக்கும்; அதேநேரம் தோலுக்குள் இழுத்துச் செல்லாது. துணியையோ பஞ்சையோ அதில் தோய்த்துத் துடைத்து, அதை எறிந்துவிட்டு, புதியதை எடுத்துத் துடைக்க வேண்டும். பீனால் மணம் போகும் வரை விடாமல். இந்தத் திரவம் கைக்கெட்டும் இடத்தில், பூட்டில்லாத பெட்டியில், தேதி பார்த்து வைத்திருக்கப்பட வேண்டும். அலுவலக அலமாரியில் பூட்டிவைத்தால் அது இல்லாததற்குச் சமம்.

அந்தத் திரவம் இல்லையென்றால் தண்ணீர். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றினால் செறிந்த பீனால் நீர்த்து இன்னும் அகலமாகப் பரவும். நீர்த்த பீனால் தோலில் ஊடுருவுவதும் எளிதாகலாம். ஈரத்துணியால் ஒற்றியெடுப்பது, குவளையில் அள்ளி ஊற்றுவது இரண்டுமே தவறு. அவசரக் குளியலின் முழு வெள்ளத்தில் குறைந்தது 15 நிமிடம் நிற்க வேண்டும். கண்ணில் பட்டால் தண்ணீர் மட்டுமே. வலி இல்லை என்று ஆள் நடுவில் வெளியே வரப் பார்ப்பார், விடக்கூடாது. நன்றாக இருக்கிறேன் என்று அவர் சொன்னாலும் மருத்துவமனைக்கு அனுப்பி, இதயத் துடிப்பைக் கண்காணிப்பில் வைக்க வேண்டும்.

கையுறைக்கு பியூட்டைல் ரப்பர், நியோப்ரீன், விட்டான் (Viton) ஆகிய செயற்கை ரப்பர் வகைகள் பொருத்தமானவை. அணிந்த நேரத்தைக் குறித்துவைத்து, தாங்கும் நேரம் முடியும் முன்பே மாற்ற வேண்டும்.

கடைசியாக, எல்லோரும் மறக்கும் ஒன்று. ஆளைக் கழுவிவிடுவார்கள், தரையைக் கழுவிவிடுவார்கள், ஆடையைக்கூட அப்புறப்படுத்திவிடுவார்கள். கைக்கடிகாரம் மட்டும் கழற்றிவைத்த இடத்தில் காய்ந்துகொண்டிருக்கும். அதன் பட்டை பதனிட்ட தோலால் ஆனது என்றால் பீனால் அதற்குள் ஊறியிருக்கும். எத்தனை முறை கழுவினாலும் வெளியே வராது. இடுப்பு பெல்ட்டும் காலணியும் அப்படித்தான். மறுநாள் காலையில் அதே மணிக்கட்டில் அதைக் கட்டிக்கொள்வார். வியர்வை ஊறும், பட்டைக்கு அடியில் தோல் மெல்ல வெளுக்கும், வலி எதுவும் தெரியாது. பீனால் பட்ட தோல் பொருள் எதையும், அது எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும், அன்றைக்கே ஆபத்தான கழிவுப் பெட்டியில் போட்டுவிட வேண்டும். புதிய காலணிக்கும் புதிய கடிகாரப் பட்டைக்கும் நிர்வாகமே பணம் கொடுக்கும் என்று முன்கூட்டியே அறிவித்துவைத்த ஆலையில்தான் தொழிலாளி அவற்றைத் தயங்காமல் கழற்றிப் போடுவார்.